அட்டகோராவின் பக்கத்து நாற்காலி

அட்டகோராவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட, எங்கள் கானா நாட்டுப் பணத்தில், முந்நூற்றைம்பது சிடி. விலை வைத்தவன் நான்தான். ஆட்டுச் சூப், ஜொல்லோஃப் சோறு, பொரித்த மீன், இரண்டு பாட்டில் பீர் எல்லாம் அதில் அடக்கம். மற்ற மேசைகளில் இதே சாப்பாடு நூற்றெண்பதுதான். மிச்சம் நூற்றெழுபது, அவன் தோள் நம் தோளில் இடிப்பதற்கு. அவன் சிரித்தால் பக்கத்தில் இருப்பவன் தட்டு ஆடும். அந்த ஆட்டத்துக்குத் தனியாக ஐம்பது சேர்த்திருக்கலாம். பழகிய முகங்கள் என்று விட்டுவிட்டேன்.

அவனை வைத்து இப்படி ஒரு வியாபாரம் நடக்கிறது என்று அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

என் பெயர் என்சியா. குமாசியில், அடூம் கடைத்தெருவில் துணிக்கடை. என் அம்மா கெஜெட்டியா சந்தையில் அச்சுத்துணியைத் தலையில் அடுக்கி விற்றவள். நான் நடக்கக் கற்றதும் பேசக் கற்றதும் அந்த அடுக்குகளுக்கு நடுவில். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேதம் இரண்டே வரி. முதலில் விலை சொல்பவன் தோற்றவன். எதிரில் நிற்பவனுக்குக் கோபம் வந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது, ஏனென்றால் வாங்க நினைக்காதவன் கோபப்பட மாட்டான்.

எங்கள் பல்கலைக்கழக விடுதியின் பழைய மாணவர்கள் வருடா வருடம் ஜூலையில் ஒன்று கூடுவோம். இப்போது படிக்கிற பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து நான்கு நாள் கொண்டாட்டம். இந்த வருடம் ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் போட்டு என்னை நிகழ்ச்சிச் செயலாளர் ஆக்கினார்கள். பெயரை முன்மொழிந்தவன் டாக்டர் டுமாசி. அக்ராவில் பெரிய மருத்துவன், வாய் மட்டும் இன்னும் விடுதியிலேயே இருக்கிறது.

"தண்ணி வராத வாரத்துல பக்கெட்டை வாடகைக்கு விட்டவன்யா இவன். டிக்கெட் விக்க இவனை விட்டா ஆள் ஏது?" என்றான்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பக்கெட்டில் குளித்தவர்கள்தான்.

வியாழன் பட்டிமன்றம், வெள்ளி மாலை ஜமா, சனி விருந்தும் நடனமும், ஞாயிறு நன்றி வழிபாடு. இதில் வெள்ளிக்கிழமைதான் உயிர். ஜமா என்றால் மேளம் அடித்து, ஒருவன் கூப்பிட, கூட்டம் பதில் கொடுக்கும் பாட்டு. பக்கத்து விடுதிக்காரனைக் கேலி செய்ய ஆரம்பித்தது, எங்கள் காலத்தில் பரீட்சை பயத்துக்குக்கூட அதுதான் மருந்து. எங்கள் காலத்தில் கூப்பிட்டவன் அட்டகோரா. முதல் பதில் கொடுத்தவன் நான். நாலு வருடம் ஒரே அறை, ஒரே இஸ்திரிப்பெட்டி.

பிள்ளைகள் தரப்பில் கொண்டாட்டங்களுக்குப் பொறுப்பு கொனாடு என்ற மூன்றாம் வருடப் பெண். கணக்கிலும் பேச்சிலும் கறார். எங்கள் சந்தையில் பிறந்திருந்தால் எனக்கே கடை வாடகை வசூலித்திருப்பாள்.

"மாமா, எங்க பசங்களுக்குப் பழைய ஜமா ஒண்ணும் தெரியாது. ஃபோனைப் பாத்துப் பாடறாங்க. அட்டகோரா மாமா வரணும்னு எல்லாரும் கேக்கறாங்க. உங்க ரூம்மேட்டாமே?"

"ஆமா."

"அப்ப ஒரு ஃபோன் போடுங்க."

"போடறேன், போடறேன்."

"ரெண்டு தடவை சொன்னீங்கன்னா போட மாட்டீங்கன்னு அர்த்தம்" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். பதினோரு வருடமாக நானும் அட்டகோராவும் பேசவில்லை.

அவன் அம்மாவின் சாவுக்கு நான் போகவில்லை. அவ்வளவுதான் காரணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், சாவுக்குப் போகாதவனை மன்னிக்க மாட்டார்கள். அதுவும் அந்த அம்மாள். மாம்பொங்கில் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு விடுமுறையும் பனம்பழக் குழம்பில் ஃபுஃபுக் களியை முக்கித் தின்று வளர்ந்த உடம்பு இது. அவள் அடக்கம் நடந்த சனிக்கிழமை என் சரக்குக் கப்பல் தேமா துறைமுகத்துக்கு வந்தது. நான் நிற்காவிட்டால் இன்னொருவன் முந்திக்கொள்வான். உறையில் ஐந்நூறு சிடி போட்டு ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பினேன். அங்கே சாவு வீட்டு வழக்கப்படி ஒலிபெருக்கியில் என் பெயரையும் தொகையையும் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அதே உறை திரும்பி வந்தது. ரசீதும் உள்ளே இருந்தது. ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்தச் சரக்கில் நல்ல லாபம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது இந்தக் கொண்டாட்டத்தைச் சாக்காக வைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது ஆகிறது. இரண்டு பேருக்கும் இரத்தக் கொதிப்பு என்று டுமாசி சொல்லியிருந்தான். ஆனால் நான் முதலில் கூப்பிட்டால், "எதுக்குக் கூப்பிட்டே?" என்று கேட்பான். பதில் சொல்ல நாக்கு வராது. அவன் முதலில் கூப்பிட வேண்டும். அதற்கு அவனுக்குக் கோபம் வர வேண்டும்.

வழி பிடிபட மூன்று வாரம் ஆனது. அவனைக் கேட்காமலேயே அவன் பெயரை நிகழ்ச்சியில் போட்டுவிடுவது. பார்த்ததும் கொதித்து எழுந்து ஃபோன் போட்டு, "யாரைக் கேட்டுடா போட்டே, திருட்டுத் துணிக்காரா?" என்று கத்துவான். கத்தட்டும். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

அறிவிப்பை நானே எழுதினேன். மேலே அட்டகோராவின் படம், பட்டமளிப்பு அன்று எடுத்தது, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. அதன் கீழே அவன் பெயர். பெயருக்குக் கீழே விடுதியில் இருந்த ஆண்டுகள், 1994 – 1998. 'அந்தக் குரலை நினைத்து ஒன்று கூடுவோம்' என்று ஒரு வரி. வெள்ளி மாலை, சனி, ஞாயிறு நன்றி வழிபாடு என்று நேரங்கள். கடைசியில், 'அனைவரும் கறுப்பு வெள்ளை உடுத்தி வரவும்.' அது எங்கள் விடுதியின் நிறம். ஜூன் இருபத்தொன்று, சனிக்கிழமை காலை, கொனாடு அதை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள்.

அனுப்பும் முன் கேட்டாள். "அவர் சரின்னுட்டாரா மாமா?"

"சரின்னுடுவான்."

"அது வேற."

"கொனாடு, சரக்கு வந்துகிட்டிருக்கும்போதே கூவறவன்தான் வியாபாரி."

அன்று முழுக்க ஃபோனைச் சட்டைப் பையில் வைக்காமல் கல்லாவின் மேல் வைத்திருந்தேன். ஞாயிறும் ஒலிக்கவில்லை. திங்கள்கிழமை நானே கூப்பிட்டேன். அவன் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவி பிராகோவைக் கூப்பிட்டேன். நண்பனின் மனைவியை நாங்கள் 'என் வீட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுவோம். அந்த உரிமை சண்டையில் செத்துவிடாது என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன்.

"என்ன வீட்டுக்காரி, சௌக்கியமா? உன் பழைய புருஷன் என்சியா பேசறேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சௌக்கியம்" என்றாள்.

"புதுப் புருஷன் எங்கே?"

"வெளியூர் போயிருக்காரு."

"எப்ப வருவான்?"

"தெரியாது. பெரியவங்களைத்தான் கேக்கணும்."

"ஐம்பது வயசுக் கழுதை எப்ப வரும்னு பெரியவங்களைக் கேக்கணுமா? குடு அவன்கிட்ட. பக்கத்துலதான நிக்கறான்?"

"இல்லை" என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்பதை வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். பாக்கிக்காரன் வீட்டு வாசலில் நின்றால் அவன் மனைவி சொல்லும் முதல் வார்த்தை அது. கதவுக்குப் பின்னால் அவன் செருப்பு தெரியும். கோபம் வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளாமல் ஆளை விட்டுப் பேசுகிறான் என்று கணக்குப் போட்டேன். பேரம் தொடங்கிவிட்டது என்று ஒரு மகிழ்ச்சி வேறு.

இரண்டாவது முறை, டிக்கெட் வேண்டாம், சும்மா வந்தால் போதும் என்றேன். மூன்றாவது முறை, மாம்பொங்கிலிருந்து குமாசிக்கு என் வண்டியையே அனுப்புகிறேன் என்றேன். நான்காவது முறை தங்க அறையும் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் பிராகோ, "சொல்லிடறேன்" என்றுகூடச் சொல்லவில்லை, "கேட்டுகிட்டேன்" என்றாள். நான் கூட்டிக்கொண்டே போக, எதிராளி ஒரு சிடிகூட இறங்கவில்லை. என் அம்மா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள், பிராகோவைப் பார்த்து.

ஜூலை முதல் தேதி ஐந்தாவது முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எரிச்சலில் எங்கள் ஆண்டுக் குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினேன். 'அட்டகோராவுக்குக் குரல் போய்விட்டதாம். குகையில் படுத்திருக்கிறது சிங்கம். யாராவது போய் வாலைப் பிடித்து இழுத்து வாருங்கள்.' முப்பத்தேழு பேர் சிரித்தார்கள். டுமாசி அட்டகோராவின் மேசையில் நான்கு நாற்காலி வாங்கினான். பத்தில் ஒன்பது விற்றுவிட்டது. பத்தாவது அவனுடையது.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது என் பேர புத்தி முழுசாகத் தோற்றது. நேரில் போவது என்று முடிவு செய்தேன். ஒரு புட்டி ஹாலந்து ஜின், பிராகோவுக்குப் பன்னிரண்டு கெஜம் நல்ல அச்சுத்துணி, அட்டகோராவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. கழுத்தளவு ஞாபகத்தில் எடுத்தேன். வழியெல்லாம் வண்டியில் வாய்விட்டுப் பேசிப் பழகினேன். 'டேய், அன்னிக்கு நான் வந்திருக்கணும்.' திரும்பத் திரும்ப அதையே. மாம்பொங் ஏற்றத்தில் வண்டி முனகும்போது எனக்கு அது கொஞ்சம் சரளமாகவே வந்தது.

வாசலைத் தாண்டியதும் பிராகோவைப் பார்த்தேன். மஞ்சளில் நீலப் பூ போட்ட அச்சுத்துணி கட்டியிருந்தாள். துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு இல்லை, சிவப்பு இல்லை. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அந்தத் துணியைப் பார்த்து முடிவு கட்டினேன். துணிக்காரன் அல்லவா.

கூடத்தில் ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அட்டகோராவின் தாய்வழிக் குடும்பம். நடுவில் குடும்பத் தலைவர் அமோட்டெங், எலும்பும் தோலுமாக, கண் மட்டும் சுருசுருவென்று. முறைப்படி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். முறைப்படி, வந்த சேதி என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அட்டகோரா என் தம்பி மாதிரி, ஒரு தப்பு செய்துவிட்டேன், அவனைப் பார்த்துப் பேசி, வெள்ளிக்கிழமை கொண்டாட்டத்துக்குக் கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று.

அமோட்டெங் தன் பக்கத்தில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் மடியில் போட்டார். என் அறிவிப்பு. யாரோ பெரிதாக அச்சடித்திருந்தார்கள். நாலு மூலையிலும் ஒட்டிய பசை காய்ந்திருந்தது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் பெரியவரே."

"உனக்குச் சேதி சொன்னது யாரு?"

"எந்தச் சேதி?"

அவர் பிராகோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வியாபாரி மாதிரி முகம் படிக்கத் தெரிந்த ஆள் அவரும். எனக்குத் தெரியாது என்பதை அவர் அந்த நொடியில் படித்துவிட்டார். அப்போதுதான் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அட்டகோரா போய்ப் பத்தொன்பது நாள் ஆச்சு. ஜூன் பத்தொன்பது, விடிகாலை. குளியலறையில விழுந்தான். எழுந்திருக்கலை."

தாளைப் பார்த்தேன். படம். படத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடு. ஒன்று கூடுவோம். வெள்ளி, சனி, ஞாயிறு நன்றி வழிபாடு. கறுப்பு வெள்ளை. எங்கள் ஊர்ச் சுவர்களில் நாள்தோறும் பார்க்கும் சாவு அறிவிப்பு அச்சாக இப்படித்தான் இருக்கும். என் கடையில் பாதி விற்பனை அதைப் பார்த்து வருகிறவர்களுக்குத்தான். நானே ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

மற்றதை அவர் சுருக்கமாகச் சொன்னார். அட்டகோராவின் மூத்த தாய்மாமன் குமாசி ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு வைத்தியத்தில் இருக்கிறார். அவர் வளர்த்த பிள்ளை அட்டகோரா. அவர் காதில் போடாமல் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது, போட்டால் அவர் தாங்கமாட்டார் என்கிறார்கள் வைத்தியர்கள். அவர் தேறும்வரை உடல் குளிர் அறையில் இருக்கட்டும், வீட்டில் அழுகை கேட்கக்கூடாது, யாரும் நிறம் மாற்றக்கூடாது என்று குடும்பம் முடிவு செய்தது. இரண்டே நாளில் என் தாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் அட்டகோராவோடு வேலை பார்க்கும் யாரோ அதை அச்சடித்து வாசலில் ஒட்ட, ஊர் துக்கம் கேட்க வந்துவிட்டது. வந்தவர்களுக்குப் பிராகோ மஞ்சள் துணியில் நின்று, அது கொண்டாட்டத் தாள், அவர் வெளியூரில் இருக்கிறார் என்று சிரித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"சேதியை வெளியே விட்டது இவதான்னு நாங்க நெனைச்சோம்" என்றார் அமோட்டெங். "இவளுக்கு ஒரு ஆடும் ரெண்டு புட்டி ஜின்னும் அபராதம் போட்டோம். இன்னும் கட்டலை. தப்பை ஒத்துக்கலை, அதனால கட்டமாட்டேங்கறா."

பிராகோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு நாளாக நான் ஒருவன் அவளோடு பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டி தருகிறேன், அறை தருகிறேன் என்று.

"தப்பு என்னுது" என்றேன். "அபராதத்தை நான் தரேன். அவ பேரை எடுத்துடுங்க."

"அவளுக்கு ஒண்ணு போட்டோம். நீ ரெண்டு ஆடு தருவியா?"

"ஒண்ணுதானே சொன்னீங்க?"

என் வாய் அதைத் தானாகவே சொல்லிவிட்டது. ஒரு பெரியவர் தொண்டைக்குள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இங்கேயுமா பேரம்?" என்றார் அமோட்டெங். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, ஒண்ணே குடு. அவ பேரை எடுத்துட்டோம். ஆனா ஒண்ணு. எங்க வாய் திறக்கிற வரைக்கும் உன் வாய் மூடியிருக்கணும். உன் பொண்டாட்டிகிட்டகூடக் கூடாது. யாராவது கேட்டா?"

"வெளியூர் போயிருக்கான்னு சொல்றேன்."

"அழலாமான்னு கேக்காதே. கூடாது."

அன்றே மாம்பொங் சந்தையில் ஆடு வாங்கினேன். விற்றவன் சொன்ன விலையைக் கொடுத்தேன். அவனுக்கே சந்தேகம் வந்து ஆட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கொண்டுபோன புட்டியோடு இன்னொன்று வாங்கிச் சேர்த்தேன். சட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விடுதி முற்றத்தில் முந்நூறு பேர், கறுப்பு வெள்ளையில். மேளங்கள் தயாராக இருந்தன. கொனாடு என்னிடம் ஓடிவந்தாள்.

"மாமா, அட்டகோரா மாமா எங்கே?"

"வெளியூர் போயிருக்கான்."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, திட்ட வந்தவள் திட்டவில்லை. டுமாசி விடுவானா?

"என்னடா என்சியா, சரக்கு எங்கே? கப்பல் இன்னும் தேமாவுக்கு வரலையா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவன் அறியாமல் சொன்னது. நானும் சிரித்தேன்.

"நாலு நாற்காலி வாங்கியிருக்கேன்டா! அக்ராவிலேர்ந்து வண்டி ஓட்டிகிட்டு வந்திருக்கேன்! காலி நாற்காலிய விக்கறியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"கூடுதல் காசைத் திருப்பிடறேன் டுமாசி."

"காசா? என்சியா காசைத் திருப்பறானா? யாராவது இவன் நெத்தியத் தொட்டுப் பாருங்கப்பா, காய்ச்சலா இருக்கும்!"

பிள்ளைகள் மேளத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். கூப்பிட ஆள் இல்லை. "யாராச்சும் ஒருத்தர் கூப்பிடணும் மாமா" என்று கொனாடு என் முழங்கையைப் பிடித்தாள். வாழ்நாளில் நான் கூப்பிட்டதே இல்லை, பதில் கொடுத்துத்தான் பழக்கம். நடுவில் போய் நின்றேன்.

"வாசல்ல யாரு?" என்றேன். அவன் கூப்பிடும் கூப்பாடு. என் குரலில் கிழிந்த துணி மாதிரி வந்தது.

"நாங்கதான்!" என்றது முற்றம்.

"எத்தனை பேரு?"

"எண்ண முடியாது!"

"ஒருத்தன் குறையுதா?"

"குறையவே குறையாது!"

மூன்றாவதைக் கேட்டுவிட்டு நான் நின்றுவிட்டேன். பாட்டு அதோடு முடியாது, பின்னால் இன்னும் நிறைய இருக்கிறது. மேளம் காத்திருந்தது. பிறகு கொனாடு முன்னால் வந்து அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். ஃபோனைப் பார்க்காமல். எங்கேயோ கேட்டுப் பழகியிருக்கிறாள். நான் கூட்டத்துக்குள் போய்ப் பதில் கொடுக்கிறவர்களோடு நின்றேன். அழுகையைத் தடுத்திருந்தார்கள், வியர்வையைத் தடுக்கவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வயசாயிடுச்சுடா உனக்கு" என்று டுமாசி தோளைத் தட்டினான்.

சனிக்கிழமை விருந்தில் அட்டகோராவின் மேசைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு நூற்றெழுபது திருப்பிக் கொடுத்தேன். மேசை நிறைந்தே இருந்தது. பத்தாவது நாற்காலியில் பெண்கள் கைப்பைகளை வைத்தார்கள்.

ஞாயிறு காலை நன்றி வழிபாடு முடிகிற நேரத்தில் ஃபோன் அடித்தது. பிராகோ. இத்தனை நாளில் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெளியே மரத்தடிக்குப் போனேன். அவள் பின்னால் வீடு முழுக்க அழுகை கேட்டது.

"நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில மாமாகிட்ட சொல்லிட்டாங்க" என்றாள். "தாங்கிட்டாரு. இனிமே நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

"கறுப்புக் கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்." கொஞ்ச நேரம் அழுதாள். நானும். வழிபாடு முடிந்து வந்தவர்கள் என்னைச் சுற்றி வழிவிட்டுப் போனார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் பிறகு. "இத்தனை நாள் சொல்லக்கூடாதுன்னு இருந்தது. ஜூன் ஒண்ணாம் தேதி உங்களைச் செயலாளரா போட்டாங்கன்னு அன்னிக்கே அவருக்குத் தெரியும். குழுவுல பாத்தாரு. சாப்பிட்டுகிட்டிருந்தவரு கையைக்கூடக் கழுவலை. 'இந்தக் கஞ்சப்பய எனக்கு டிக்கெட் விக்கவாவது இனிமே கூப்பிட்டுத்தான் ஆகணும்டீ'ன்னு சிரிச்சாரு."

ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தினம் கேப்பாரு. 'கூப்பிட்டானா? நான் வகுப்புல இருந்தப்ப கூப்பிட்டானா?'ன்னு. ஃபோன்ல சார்ஜ் போகாம பாத்துகிட்டாரு. அவர் அம்மா விஷயம் கேட்டேன். 'அது முடிஞ்சு போச்சு, அவன் கூப்பிடட்டும், நான் மொதல்ல கொஞ்ச நேரம் திட்டுவேன், நீ பயந்துடாதே'ன்னாரு. என்ன விலை சொன்னாலும் வாங்கிடறதுன்னு இருந்தாரு."

அவள் வைத்த பிறகும் அங்கேயே நின்றேன். கொனாடு நிகழ்ச்சிக் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டு என் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு டுமாசியிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

விடுதிக் கணக்கைக் கொனாடு சரியாக முடித்துவிட்டாள். என் கணக்கை நான்தான் எழுத வேண்டும். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து அவன் உயிரோடு, ஃபோன் பக்கத்திலேயே காத்திருக்க, என் கையில் இருந்த நாள்கள் பதினெட்டு. அதில் நான் செலவழித்தது ஒன்றுமில்லை. அவன் போன பிறகு போட்ட ஃபோன்கள் ஆறு. ஊரறியச் செய்த கேலி ஒன்று. ஆடு ஒன்று, கொடுத்தாயிற்று. ஜின் இரண்டு புட்டி, கொடுத்தாயிற்று. நாற்காலிக் காசு ஆயிரத்து ஐந்நூற்று முப்பது, திருப்பியாயிற்று. மன்னிப்பு ஒன்று, நிலுவை.